குருத்தணுவுக்கு ஆணையிடும் புரதங்கள்

மனித உடலில் தேய்மானம் நிகழாத நாள் இல்லை. சிறுகுடலின் உட்படலம் சில நாள்களுக்கு ஒருமுறை முற்றிலும் புதுப்பிக்கப்படுகிறது. இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்களே. இந்த இழப்பை ஈடுசெய்பவை ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள்.

குருத்தணுவுக்குக் கடமைகள் இரண்டு. தன்னைப் போன்ற உயிரணுக்களைத் தோற்றுவித்துக் கையிருப்பைக் காப்பது ஒன்று. குறிப்பிட்ட பணிக்குரிய உயிரணுவாக மாறுவது மற்றொன்று. விதைநெல் முழுவதையும் உண்டுவிட்ட உழவனுக்கு அடுத்த பருவம் இல்லை. உண்ணாமலே சேமிப்பவனுக்கோ இன்றைய உணவு இல்லை. உடலும் இத்தகைய சமநிலையையே நாடுகிறது.

இச்சமநிலையைக் குருத்தணு தானே தீர்மானிப்பதில்லை. சுற்றியுள்ள உயிரணுக்கள் சுரக்கும் சைகைப் புரதங்களே அதை நெறிப்படுத்துகின்றன. குடற்சுவரை எடுத்துக்கொள்வோம். அதன் நுண்குழிகளின் அடியில் குருத்தணுக்கள் உள்ளன. அவற்றை ஒட்டியுள்ள பானெத் உயிரணுக்கள் ‘விண்ட்’ என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அது குருத்தணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பொருந்துகிறது. உடனே, வழக்கமாக உள்ளேயே சிதைக்கப்பட்டுவிடும் பீட்டா-கேட்டனின் சிதையாமல் நின்று, உட்கருவினுள் புகுந்து, பெருக்கத்துக்கான மரபணுக்களை இயக்குகிறது. உயிரணு குழியிலிருந்து மேலேறும்போது விண்ட் குறைகிறது, பி.எம்.பி. புரதம் மிகுகிறது, பெருக்கம் நின்று மாற்றம் தொடங்குகிறது. உணவை உறிஞ்சும் உயிரணுவாவதா, சுரக்கும் உயிரணுவாவதா என்பதில் ‘நாட்ச்’ புரதத்துக்குப் பங்குண்டு.

இவ்வொழுங்கு குலைந்தால் விளைவு கொடிது. பீட்டா-கேட்டனினைச் சிதைக்க உதவும் ஏ.பி.சி. புரதத்தின் மரபணு பழுதுற்றால், சைகை வராதபோதும் வந்ததாகவே உயிரணு நடந்துகொள்கிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் இப்பழுது காணப்படுகிறது.

அதே அறிவு உயிர் காக்கவும் உதவுகிறது. ஜி-சி.எஸ்.எஃப். புரதத்தைச் சில நாள்கள் ஊசிவழி செலுத்தினால், எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்கள் இரத்த ஓட்டத்துக்கு வருகின்றன. கொடையாளியின் கை இரத்தக் குழாயிலிருந்தே அவற்றைச் சேகரிக்க முடிகிறது. இந்தியாவில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986-இல் அதைப் பின்பற்றியது.

இரத்த நோய்களில் இச்சிகிச்சை வெற்றி பெற்றதற்குக் காரணம் உண்டு. செலுத்தப்படும் குருத்தணுக்கள் மஜ்ஜையை அடைந்து, தமக்குரிய சைகைகளை அங்கே பெறுகின்றன. நரம்புத் தளர்ச்சி முதல் முதுமை வரை எல்லாவற்றையும் ஓர் ஊசியால் தீர்ப்பதாகக் கூறும் விளம்பரங்கள் இந்த அடிப்படையையே மறந்துவிடுகின்றன. உரிய சைகையில்லாத இடத்தில் குருத்தணு பயனற்று மடியலாம், கட்டியாகவும் வளரலாம். ஆகவேதான், அங்கீகரிக்கப்பட்ட இரத்தக் குருத்தணுச் சிகிச்சை நீங்கலாக ஏனையவற்றை முறையான மருத்துவச் சோதனையாக மட்டுமே மேற்கொள்ளலாம் என 2017-ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறைகள் வரையறுத்தன.

நோயாளியின் நம்பிக்கை விலைபொருளாகாமல் காப்பது அதிகாரிகளின் பொறுப்பு. புரதங்களின் மொழியை மேலும் தெளிவாகக் கற்றறிவது மாணவர்களின் பணி. இரண்டும் இணைந்தால்தான் ஆய்வுக்கூடத்தின் பயன் மக்களைச் சென்றடையும்.