அழகர், அக்கா, ஒரு ஷூ

இந்த எபிசோடுல டெக் எதுவும் இல்ல. எங்க அக்காவைப் பத்திப் பேசப் போறேன். அவ ஓகே சொன்ன பிறகுதான் மைக்கை ஆன் பண்ணேன்.

அக்காவுக்குச் சின்னதுல இருந்தே பெருமூளை வாதம், அதாவது செரிப்ரல் பால்சி. மூளை சொல்றது தசைக்குச் சரியாப் போய்ச் சேராது. நடக்கவும் பேசவும் சிரமம். அறிவு என்னைவிட ஜாஸ்தி. நான் மூணு வயசு இளையவன். அவ பேசுறது வெளியாளுக்குப் புரியாது, எனக்குப் புரியும். வில்லாபுரத்துல எங்க தெரு மளிகைக்கடையில இருந்து டாக்டர் ரூம் வரைக்கும் நான்தான் டிரான்ஸ்லேட்டர். சில நேரம் அவ கேட்காத மிட்டாயையும் சேர்த்துக் கேட்டுடுவேன்.

எனக்கு ஏழு வயசு இருக்கும்போது, சித்திரைத் திருவிழா. அழகர் ஆத்துல இறங்குறதைப் பாக்க விடியக்காலையில போனோம். அப்பா தோள்ல அக்கா. எனக்கு முன்னாடி நின்னவங்க முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. அழுதேன். "நீ பெரிய பையன்ல?"ன்னாங்க அம்மா. பத்து வயசு அக்கா தோள்ல, ஏழு வயசு நான் பெரிய பையன்! அப்போ மேல இருந்து அக்கா ஆரம்பிச்சா: "குதிரை தெரியுதுடா... தண்ணி பீச்சுறாங்கடா..." முழு கமெண்டரி. அந்தக் கூட்டத்துல அது எனக்கு மட்டும்தான் புரிஞ்சிருக்கும்.

ஆனா கோபம் போகல. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாம் "அப்பா அம்மாவுக்கு அப்புறம் நீதான்டா பாத்துக்கணும்"னு சொல்லிட்டுப் போவாங்க. என்னைப் பேக்கப் சர்வராத்தான் பெத்தாங்களோன்னு இப்போ தோணுது. அப்போ அந்த வார்த்தை தெரியாதே, அதனால அக்காவோட ஸ்பெஷல் ஷூவை ஒளிச்சு வச்சேன். அன்னைக்குத் தெரபிக்குப் போக முடியல. அம்மா அழுதாங்க. நான் வாயே திறக்கல.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குன்னே அமெரிக்காவுல டான் மேயர்னு ஒருத்தர் 1982ல 'சிப்ஷாப்' ஆரம்பிச்சார். 8 முதல் 13 வயசு வரை உள்ள தம்பி தங்கச்சி, அண்ணன் அக்காங்க ஒண்ணாக் கூடி விளையாடுவாங்க, சாப்பிடுவாங்க, நடுநடுவுல பேசுவாங்க. அட்வைஸ் கிளாஸ் இல்ல. கோபம், வெக்கம், பெருமை எதைச் சொன்னாலும் யாரும் அதிர்ச்சி ஆக மாட்டாங்க, ஏன்னா எதிர்ல இருக்கிற பிள்ளைக்கும் அதேதான். எனக்கு அந்த வயசுல அப்படி ஒரு சனிக்கிழமை கிடைச்சிருந்தா அந்த ஷூ தப்பிச்சிருக்கும்.

போன வருஷம் அப்பா சில பேப்பரோட வந்தார். 1999ல வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, பெருமூளை வாதம், ஆட்டிசம் மாதிரி உள்ளவங்களுக்கு 18 வயசுக்கு மேல கார்டியன் தேவைன்னா, பெத்தவங்களோ சொந்தக்காரங்களோ உள்ளூர்க் கமிட்டியில விண்ணப்பிக்கலாம். தேவைன்னா மட்டும்தான், எல்லாருக்கும் கட்டாயம் இல்ல. அப்பா என் பேரை எழுதியே வச்சிருந்தார்.

அக்கா கேட்டா: "என்னைக் கேட்டீங்களா? அவனையாவது கேட்டீங்களா?"

பழக்கதோஷம், நான் அதை அப்பாவுக்கு டிரான்ஸ்லேட் பண்ணேன். "புரிஞ்சுதுடா"ன்னு சொல்லிட்டு பேப்பரை மடிச்சு வச்சுட்டார்.

அன்னைக்கு ராத்திரிதான் அக்காகிட்ட ஷூ விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும். கட்டிலுக்கு அடியிலதானே? எனக்கும் அன்னைக்கு தெரபிக்குப் போகப் பிடிக்கலடா."