மந்திரக் கதையின் சுவை



மந்திரவாதி என்றவுடன் நரைத்த தாடியும் கைக்கோலும் உடைய ஒரு கிழவர் உங்கள் மனக்கண்முன் தோன்றுவார். அவரும் ஒரு காலத்தில் பதினைந்து வயதுப் பையனாக இருந்திருப்பார் அல்லவா? அப்போது அவர் எங்கே படித்தார்? யார் கற்பித்தார்கள்? 2018ஆம் ஆண்டில் மறைந்த அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் அம்மையாரிடம், இளைஞர்களுக்கு ஒரு நூல் எழுதித் தருமாறு ஒரு பதிப்பாளர் கேட்டபோது, அவருடைய உள்ளத்தில் எழுந்த வினா இதுவே. அதற்கு விடையாக 1968இல் வெளிவந்தது 'எர்த்சீயின் மந்திரவாதி' என்னும் நாவல்.

இத்தகைய மாய நாவல்கள் இளைஞர்களுக்கு ஏன் இனிக்கின்றன? 'அங்கே எது வேண்டுமானாலும் நடக்கும். உழைப்பின்றி எல்லாம் கைகூடும். சோம்பேறி மனத்திற்கு ஏற்ற தீனி' என்பது பெரியோர் பலருடைய விடை. புவியியல் புத்தகத்தின் நடுவே கதைப் புத்தகத்தை ஒளித்து வைத்த மாணவனிடம் இவ்வாறு சீறிய ஆசிரியர்களை நான் அறிவேன். அவர்கள் அப்புத்தகத்தைப் பறித்தார்களேயன்றிப் பிரித்துப் பார்க்கவில்லை என்றே எண்ணுகிறேன். எது வேண்டுமானாலும் நடக்கும் கதையை எந்த இளைஞனும் பத்துப் பக்கத்திற்கு மேல் படிக்கமாட்டான். வீரன் நினைத்த மாத்திரத்தில் விலங்கு அறுந்து விழுமானால், அவன் சிறைப்பட்டதற்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? மந்திரத்திற்கு ஒரு விதியும் விலையும் இருக்கும்போதுதான் கதையில் சுவை பிறக்கிறது.

எர்த்சீ என்பது தீவுகளால் ஆன கற்பனை உலகம். அங்கே ஒவ்வொன்றுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அப்பெயரை அறிந்தவனுக்கே அப்பொருள் அடங்கும். ஆதலால் மந்திரம் கற்பவனுக்கு வாய்ப்பது என்ன தெரியுமா? மனப்பாடம்! தனித்த கோபுரம் ஒன்றில் அமர்ந்து, பட்டியல் பட்டியலாகப் பெயர்களை நெட்டுருச் செய்ய வேண்டும். நள்ளிரவில் பட்டியலின் மை மறைந்துவிடும். அதற்குள் பாடம் வந்தாக வேண்டும். இத்தனை கடுமையான இலக்கண வாத்தியார் நம் நாட்டிலும் இருந்ததில்லை!

ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறோரிடம் வறண்டு போகலாம். பறவையாக உருமாறியவன் நெடுநேரம் அவ்வுருவில் இருந்தால் தன்னையே மறந்துவிடுவான். கதைத் தலைவனாகிய கெட் என்னும் இளைஞன் பகைவர்க்குத் தப்பிப் பருந்தாகப் பறந்து, தன் முதல் ஆசான் ஓகியனை வந்தடைகிறான். மனிதப் பேச்சே அவனுக்கு மறந்துவிட்டது. ஆசான் அடையாளம் கண்டு மீட்டிராவிட்டால் அவன் பருந்தாகவே முடிந்திருப்பான்.

இவ்வச்சம் நம் பாட்டிமார்களுக்குப் புதியதன்று. விக்கிரமாதித்தன் கதையில் கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையைக் கேட்டிருப்பீர்கள். அரசன் கிளியின் உடலில் புகுந்த நேரத்தில், காவலற்றுக் கிடந்த அவனுடைய உடலில் வேறொருவன் புகுந்துவிடுகிறான். வித்தை பலித்த கணத்திலேயே ஆபத்தும் வந்துவிடுகிறது. கேட்கும் குழந்தைக்கு உறக்கம் போய்விடுகிறது.

கெட் செலுத்தும் விலை இதனினும் பெரிது. உடன் பயிலும் ஜாஸ்பர் என்பவன் ஏளனம் செய்ய, செருக்கினால் தூண்டப்பட்டு, இறந்தோர் ஆவி ஒன்றை அவன் அழைக்கிறான். அத்துடன் கொடிய நிழலொன்றும் வெளிப்பட்டு அவனுடைய முகத்தைக் கிழிக்கிறது. அது நுழைந்த வாயிலை அடைக்க முதிய தலைமை ஆசான் தம் உயிரையே ஈந்துவிடுகிறார். உங்கள் வயதில் வலிமை புதிதாக வருகிறது; ஒரு நண்பன் எள்ளினால் அதனைக் காட்டத் துடிக்கிறோம். அந்தத் துடிப்பை உங்களில் அறியாதவர் யார்? கல்வியைத் தொடங்கிய சிறுவனுக்கு ஒரு சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, இந்நூல்போல் நெஞ்சில் தைக்குமாறு கூறும் பாடநூலை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை.

அந்நிழலுக்குப் பெயர் இல்லை என்கின்றனர் கற்றவர்கள். பெயரில்லாததை எந்த மந்திரத்தால் அடக்குவது? கெட் தீவு தீவாக ஓடுகிறான். இறுதியில், ஓடுவதை நிறுத்தித் திரும்பி அதனைத் துரத்துமாறு ஓகியன் அறிவுறுத்துகிறார். ஒரே ஒரு நண்பனுடன் சிறு படகில் ஏறி, கடைசித் தீவையும் கடந்து அவன் கிழக்கே செல்கிறான். அங்கே அந்நிழலை எதிர்கொண்டு, அதன் பெயரைச் சொல்லி அழைக்கிறான்.

அப்பெயர் யாது என்பதை நான் சொல்லப் போவதில்லை. அதற்குரிய குறிப்புகள் முன்பே நூலில் இருக்கின்றன. கூர்ந்து படிப்போர் கடைசி அத்தியாயம் வருமுன்னரே கண்டுகொள்ளலாம்.