அந்த மாட்டு வண்டியை யார் ஓட்டுவது?

(சங்கக் கூடத்தில் நடந்த மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

பயப்படாதீர்கள், தண்ணீர் மீட்டரைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. செயலாளர் கொடுத்த பத்து நிமிடத்தில் டியூபா என்ற வாத்தியத்தைப் பற்றிச் சொல்கிறேன். மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவில் கடைசி வரிசையில் ஒருவர், அண்டா வாய் போல மேலே திறந்திருக்கும் பெரிய பித்தளைக் குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அதுதான்.

கனடாவில் என் மகள் வயிற்றுப் பேரன் பள்ளி பேண்டில் இதை வாசிக்கிறான். பாரா என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய 'இன்ட்ரொடக்‌ஷன் எ டான்ஸ்' என்ற உருப்படியை அவனுக்குக் கொடுத்தார்கள். "தாத்தா, மேலே எட்டவே மாட்டேங்குது. சார் ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசிச்சுக்கோன்னு சொல்றார்" என்றான். எழுதியவருக்கு எட்டியது இவனுக்கு ஏன் எட்டவில்லை? ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை, தோண்ட ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். பிரான்சில் டியூபா என்றால் வேறு வாத்தியம். சாக்ஸபோனைக் கண்டுபிடித்த அடோல்ஃப் சாக்ஸ் 1840களில் சாக்ஸ்ஹார்ன் என்று ஒரு பித்தளைக் குடும்பத்தையே உண்டாக்கினார். அதன் வழி வந்தது பிரெஞ்சு டியூபா. குழலை நீட்டிப் பிடித்தால் சுமார் 8 அடி. இன்று பல ஆர்க்கெஸ்ட்ராக்களில் இருக்கும் பெரிய டியூபா சுமார் 16 அடி. குழல் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் என்பது நம் புல்லாங்குழல்காரர்களுக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் அந்தச் சின்ன வாத்தியத்துக்கு ஆறு வால்வு. இரண்டு கைக்கும் வேலை. அதனால் உச்சியிலும் பாடும், அடியிலும் இறங்கும். 1960, 70களில் பிரெஞ்சு ஆர்க்கெஸ்ட்ராக்களும் பெரிய டியூபாவுக்கு மாறின. வாத்தியம் போனது, அதற்காக எழுதியது மட்டும் காகிதத்தில் தங்கிவிட்டது.

இதில் பிரபலமானது தப்பிவிட்டது. முசோர்க்ஸ்கி 1874இல் பியானோவுக்கு எழுதிய 'ஓவியக் கண்காட்சி'யை ரவேல் 1922இல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். அதில் 'பிட்லோ' என்ற பகுதி, போலந்து மாட்டு வண்டி. தூரத்தில் மெல்லக் கேட்டு, அருகே வந்து, கனத்து, கடந்து மறைகிறது. அந்த வண்டியை ரவேல் டியூபாவிடம் கொடுத்தார். அவர் காதில் இருந்தது பிரெஞ்சு டியூபாவின் மெல்லிய குரல். பெரிய டியூபாவில் அதன் உச்ச ஸ்வரம் கழுத்து நரம்பு புடைக்கும் வேலை. ஆகவே இன்று பலர் சற்றுச் சிறிய டியூபாவிலோ யூஃபோனியத்திலோ வாசிக்கிறார்கள். சில இடங்களில் டிராம்போன்காரர் ஒருவரே யூஃபோனியத்தை எடுத்துக்கொள்கிறார். டியூபாக்காரர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார், பாவம்.

ரவேலை யாரும் கைவிடமாட்டார்கள். பாரா போன்றவர்கள் கதை வேறு. பாரிஸ் கன்சர்வேட்டரியில் ஆண்டுத் தேர்வுப் போட்டிக்கென்று புது உருப்படி எழுதச் சொல்லும் வழக்கம் இருந்தது. பியானோவோடு வாசிக்கும் ஐந்தாறு நிமிட உருப்படிகள். தேர்வு முடிந்தால் அலமாரிக்குப் போய்விடும்.

எங்கள் கிளையில் கம்ப்யூட்டர் வந்தபோது பேரேட்டிலிருந்து கணக்குகளை ஏற்றினோம். ஓடுகிற கணக்கு முதல் நாளே ஏறியது. பல வருடம் வரவு செலவில்லாத கணக்குகளை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கினோம். ஒரு பெரியவர் கிழிந்த பாஸ்புக்கோடு வந்து நின்றார். தேடி எடுக்க மூன்று நாள் ஆயிற்று. கணக்கு எண் மாறலாம், லெட்ஜர் மாறலாம். அவர் பாக்கி மாறக்கூடாது அல்லவா?

என் கட்சி அதுதான். பழைய ஆறு வால்வு வாத்தியம் கிடைத்தால்தான் வாசிப்பேன் என்று காத்திருந்தால் அந்த உருப்படிகள் அலமாரியிலேயே கிடக்கும். யூஃபோனியத்தில் வாசிக்கட்டும். அது பழைய வாத்தியத்தைவிட ஒரு ஸ்வரம்தான் தாழ்ந்தது. தொனி கொஞ்சம் தடிக்கும், பரவாயில்லை. ஆனால் ஸ்தாயியை இறக்குவது எனக்குச் சம்மதமில்லை. மேலே எட்டிப் பாடவேண்டிய வரி கீழே போய் பியானோவின் இடது கையோடு முட்டிக்கொள்கிறது. வீட்டில் இரண்டு விதமாகவும் கேட்டேன். என் மனைவி, "இரண்டாவதில் யாரோ சோபாவை நகர்த்துகிற மாதிரி இருக்கு" என்றாள்.

பேரன் தன் சாரிடம் கேட்டு, பள்ளியிலிருந்தே ஒரு யூஃபோனியம் வாங்கி வந்துவிட்டான். வாய் வைக்கும் பகுதி சிறியது என்பதால் உதடு பழக இரண்டு மாதம் பிடித்தது. டான்ஸ் பகுதியில் இன்னும் தடுமாறுகிறான். ஆனால் எழுதிய இடத்திலேயே வாசிக்கிறான்.

இப்போது பிட்லோவை இரண்டு முறை போடுகிறேன், ஒன்று பெரிய டியூபா, இன்னொன்று யூஃபோனியம். எது எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். லிஃப்ட் பக்கம் நிற்பவர்கள் உள்ளே வாருங்கள். யாராவது அந்த மின்விசிறியை மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள், சத்தம் போடுகிறது.