கும்பகருணன் உறங்கினானா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மார்கழித் திங்களில் திருமலையிலே சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுவதை நாம் அனைவரும் அறிவோம். சித்தூரிலும் திருப்பதியிலும் தெலுங்கு பேசும் நல்லோரிடையே வாழ்ந்துவரும் நமக்கு அந்த விடியற்பொழுது தனிப் பெருமை தருவது. அத்திருப்பாவையின் பத்தாம் பாட்டிலே, எழுந்து வாராத பெண்ணைத் தோழியர் எள்ளி நகையாடுகின்றனர். கும்பகருணனின் பெருந்துயில் அவளுக்குக் கைமாறிவிட்டதோ என்பது அவர்கள் கேலி. கம்பரோ, அக்கும்பகருணனை எழுப்பச் சென்றவர்கள் அவன் மூச்சுக்காற்றில் அகப்பட்டுத் தடுமாறியதைப் பாடி நம்மைச் சிரிக்க வைக்கிறார். குறட்டை என்றால் சிரிப்பது நம் பழைய வழக்கம்.

ஆனால் நமக்கு ஓர் ஐயம். அத்துணைப் பெரிய குறட்டை விட்டவன் உண்மையில் உறங்கினானா?

இன்றைய மருத்துவர் ஒருவர் இலங்கை அரண்மனைக்குச் சென்றிருந்தால், முரசும் யானையும் கொண்டு அவனை எழுப்ப முயலுமுன், பக்கத்தில் இருப்போரை ஒரு கேள்வி கேட்டிருப்பார்: ‘இவர் மூச்சு இடையிடையே நின்றுபோகிறதா?’

உறக்கத்தில் நம் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை மிகத் தளர்ந்து, நாவும் பின்னே சரிந்து, மூச்சுக்குழலின் வாயிலை அடைத்துவிடும். மார்பு மூச்சிழுக்க முயலும், காற்று உட்புகாது. பத்து நொடியோ, சிலருக்கு அரை நிமிடத்திற்கு மேலுமோ இந்நிலை நீடிக்கும். குருதியில் பிராணவாயு குறையவே, மூளை அஞ்சி ஆளைத் தட்டி எழுப்பும். பெருமூச்சொன்று வெடித்தெழும், மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. எழுந்த நினைவு காலையில் இராது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும், தலைவலியோடும் உலர்ந்த வாயோடும் எழுந்து, நண்பகலில் நாற்காலியிலேயே கண்ணயர்வர். இதனை ‘ஸ்லீப் ஆப்னியா’ என்கின்றனர். உறக்க மூச்சுத்தடை என்று நாம் சொல்லலாம். மணிக்கு ஐந்து முறைக்கு மேல் தடை நேர்ந்தால் நோய் எனவும், முப்பதைத் தாண்டினால் கடுமையானது எனவும் கணக்கிடுவர். இரத்த அழுத்தம், இதயத் துடிப்பின் தடுமாற்றம், பக்கவாதம் ஆகியவற்றோடு இதற்கு நெருங்கிய உறவுண்டு.

இது அரிய நோயன்று. மும்பையில் 35 முதல் 65 வயது வரையுள்ள ஆண்களிடையே நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வொன்று, நூற்றுக்கு ஏழரைப் பேர் பகல் தூக்கத்தோடு கூடிய இந்நோயால் வருந்துவதாகக் கண்டது. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மறைந்தபோது மருத்துவர்கள் கூறிய காரணமும் இதுவே.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். நம் சங்கத்து அன்பர் ஒருவர் மாம்பழ லாரி ஓட்டுபவர். சென்ற ஆண்டுகளில் நம் கவியரங்கங்களில் முதல் கவிஞர் எழுந்த உடனே உறங்கத் தொடங்கி, கடைசிக் கவிஞர் அமரும்போது விழிப்பவர். (கவிதைகளின் தரத்தையும் கருதி, அதற்காக நாம் அவரை முழுதும் குறை கூறவில்லை.) ‘கும்பகருணர் வந்துவிட்டார்’ என்று வரவேற்றவர்களும் நாமே. ஒரு மாங்காய்ப் பருவத்தில், விடியற்காலை மூன்று மணிக்குச் சந்திரகிரியை அடுத்த சாலையில் அவர் வண்டி புளியமரத்தில் மோதியது. உயிருக்கு ஊறில்லை, கை முறிந்தது. மதுவைத் தொட்டறியாத அம்மனிதரைக் குடித்திருந்தார் என்று ஊர் பேசியது. நம்முள்ளும் சிலர் அதை நம்பினோம். இன்று இம்மேடையில் அதனை ஒப்புக்கொள்வது முறை.

கைக்கட்டுப் பிரிக்க அவர் சென்றபோது, அங்கிருந்த மருத்துவர் அவரை விட்டு அவர் மனைவியாரைப் பார்த்து இரவில் நிகழ்வதைக் கேட்டார். அவ்வம்மையார் அழுதுவிட்டார். பதினோர் ஆண்டுகளாக இரவுதோறும் கணவர் மூச்சு நிற்பதும், தாம் இருபதுவரை எண்ணித் தோளைத் தொட்டு அசைப்பதும் வழக்கமாம். ‘வெளியே சொன்னால் அவருக்குக் கேவலம் அல்லவா?’ என்று எவரிடமும் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஓரிரவு தலையிலும் மார்பிலும் விரலிலும் கம்பிகள் பொருத்தி உறங்கவைத்துப் பார்த்தனர். மணிக்கு நாற்பத்திரண்டு முறை மூச்சுத் தடைப்பட்டது.

இந்நோய்க்கு முதன்மையான மருந்து வெறுங்காற்றே. 1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரும் தோழர்களும், மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்தில் இடைவிடாது காற்றைச் செலுத்தினால் தொண்டை அடையாமல் திறந்தே நிற்கும் என்று காட்டினர். அதுவே இன்று ‘சிபாப்’ எனப்படும் கருவி. நோயை அது வேரறுப்பதில்லை. அணிந்த இரவில் காக்கும்.

அணிவது எளிதன்று. நம் அன்பர் முதல் வாரத்தில் இருமுறை முகமூடியைக் கழற்றி எறிந்தார். மூக்குத்தண்டு சிவந்தது, வாய் வறண்டது. பேரன் அக்குழாயைக் கண்டு ‘பிள்ளையார் தாத்தா’ என்று கைகொட்டினான். அளவொத்த முகமூடிக்கு மாற்றிக் காற்றை ஈரமாக்கும் நீர்க்கலத்தைச் சேர்த்தபின் பழகிற்று. மின்சாரம் நின்ற இரவுகளுக்கென அம்மையார் அவருடைய பழைய சட்டையின் முதுகில் ஒரு பந்தை வைத்துத் தைத்திருக்கிறார். மல்லாந்தால் உறுத்தும், ஆகவே ஒருக்களித்தே கிடப்பார். மல்லாந்து படுத்தால் தடை மிகுவது பலருக்கு இயல்பு. இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்ன நம் சித்தர்களை இங்கு நினைக்கலாம். உடல் எடை குறைந்தாலும் தடை குறையும். ஆயினும் மெலிந்தவர்க்கு இந்நோய் வாராது என்று எண்ணற்க, சிறிய தாடை உடையோர்க்கும் வரும். நோய் கடுமையில்லாத சிலருக்குக் கீழ்த்தாடையை முன்னிழுத்து நிறுத்தும் பல்கருவி போதும். தூக்க மாத்திரையும் மதுவும் தொண்டையை இன்னும் தளர்த்துவன. உறக்கம் வேண்டி அவற்றை நாடுவது எரியும் வீட்டில் எண்ணெய் வார்ப்பது.

மலைப்பாதையில் வண்டி செலுத்துவோரும் இரவுப்பணி செய்வோரும் நம்மிடையே பலர் உளர். அவர்தம் இல்லத்தரசியரே! எண்ணிக்கொண்டு விழித்திருப்பவர் நீங்களாயின், அவ்வெண்ணிக்கையை மருத்துவரிடம் சொல்லுங்கள். வேலூர் தொலைவில் இல்லை.

அன்பர் இப்போது இரவுப் பயணத்தை விட்டுப் பகலில் மட்டும் வண்டி ஓட்டுகிறார். இன்று காலைக் கவியரங்கம் முழுவதையும் விழித்திருந்து கேட்டார். இரண்டு கவிதைகளில் தளை தட்டியதையும் எடுத்துக் காட்டினார். அம்மையாருக்குத்தான் இன்னும் பழக்கம் விடவில்லை. வீடு அமைதியாகிவிட்டதால் நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்து, மூச்சு வருகிறதா என்று கைவைத்துப் பார்த்துவிட்டே மறுபடி படுக்கிறாராம்.

விழா முடிந்தபின் அவ்வன்பர் தம் கருவியை நூலக அறையில் காட்ட இசைந்துள்ளார். விரும்புவோர் தம் துணைவரையும் அழைத்து வருக.