சாய்ந்தது கதவா, தரையா?

கார் கொட்டகைக் கதவை மூடிய பின்னும் ஒரு மூலையில் விரல் நுழையும் இடைவெளி, மறுமூலையில் ஒன்றுமில்லை. எலியும் மழைநீரும் அந்த வழியாகத்தான் வருகின்றன. பலர் உடனே ரப்பர் பட்டை வாங்கி ஒட்டிவிடுகிறார்கள்.

அதற்கு முன், மூடிய கதவின் கிடைச்சட்டத்தில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். குமிழ் நடுவில் நின்றால் கதவு நேராக இருக்கிறது, தரைதான் தாழ்ந்துவிட்டது. தடித்த ரப்பரோ சிமெண்டுப் பூச்சோ போதும்.

குமிழ் ஒதுங்கினால் கதவே சாய்ந்திருக்கிறது. பலகை பலகையாக மடங்கி மேலேறும் கதவென்றால், இருபுறமும் உள்ள கம்பிவடங்களை முதலில் கவனியுங்கள். ஒன்று தளர்ந்தோ நைந்தோ இருந்தால் மோட்டாரை இயக்காதீர்கள். கதவின் எடையைத் தாங்கும் சுருள்வில் முறுக்கேறி நிற்கிறது. அதைத் தொடுவது ஆபத்து. அனுபவமுள்ளவரை அழையுங்கள்.

ரப்பர் ஒட்டினால் இடைவெளி மறையும். வடம் அறுவது நிற்காது. கதவு விழும்போது அடியில் பிள்ளைகள் நிற்கக்கூடும்.