அங்காடி புரக்கும் நூலகம்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்துக்குரிய மனையில் கடைகள் கட்டுதல் வேண்டுமென்றும், அவற்றால் வரும் வாடகையை இன்னதற்குச் செலவிடுதல் வேண்டுமென்றும் சில திங்களாக நம்மிடையே ஆராய்ச்சி நடந்து வருகின்றது. அதுபற்றிச் சில கூறுமாறு நிர்வாகிகள் எம்மைப் பணித்தனர். நம் கண்முன்னே உள்ள ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பேசுதலே பயன் தருமெனக் கருதுகின்றோம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோர் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து நோக்குவர், ஆண்டாளைச் சேவிப்பர், பால்கோவா வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவர். அவ்வூரார் காய்கறி வாங்கச் செல்லும் பென்னிங்டன் மார்க்கெட்டை அவர்கள் நின்று நோக்குவதில்லை. ஆயினும், அவ்வங்காடியில் கத்தரியும் வெண்டையும் விற்பார் செலுத்தும் வாடகை, அதே பெயர் பூண்ட ஒரு நூலகத்துக்கு உணவாகின்றது. இதனை நம்மவருள்ளும் அறியாதார் பலர்.

பென்னிங்டன் நூலகம் 1875ஆம் ஆண்டில் தோன்றியது. அந்நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராசபாளையமும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்தன; இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தது 1910இல்; விருதுநகர் மாவட்டம் அமைந்தது 1985இல். திருநெல்வேலிக் கலெக்டராயிருந்த பென்னிங்டன் துரையின் பெயரே நூலகத்துக்கு வைக்கப்பெற்றது. சென்னை மாநகரில் கன்னிமரா நூலகம் திறக்கப்பெற்றது 1896இல். எனவே, தலைநகரத்தார்க்கு அப்பெருநூலகம் வாய்ப்பதற்கு இருபத்தோர் ஆண்டுகட்கு முன்னரே நம் பக்கத்து ஊரார் பொதுமக்களுக்கு ஒரு படிப்பகம் கண்டனர். நூலகச் சட்டம் இயற்றப்பெற்றதே 1948இல்தான்; அதன்வழி வந்த நூலக வரி அதற்கும் பிற்பட்டது.

தொடங்குதல் அரிதன்று, நின்று நிலவுதலே அரிது. ஆர்வத்தால் தோன்றி, நன்கொடையாளர் மறைந்ததும் தாமும் மறைந்த படிப்பகங்கள் நம் நாட்டில் எண்ணில. இஃது ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் வாழ்வதற்குக் காரணம் யாது? கையேந்தி நில்லாது, தனக்கென உடைமை கொண்டு, அவ்வுடைமையின் வருவாயால் வாழ்தலே.

இம்முறை நம் முன்னோர்க்குப் புதிதன்று. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிதற்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை விட்ட செய்தியைச் சோழர் கல்வெட்டுக்களில் காண்கின்றோம். அவற்றிற்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாவாதோ, மூவாதோ எனின், தனி ஆடு சாகும். மந்தையின் தொகை குறையலாகாது என்பதே அதன் பொருள். நெய் அளக்கும் இடையனும் மாறுவான், விளக்கோ அணையாது. வாடகைக் கடையும் அத்தகைய பேராடே. கடைக்காரர் மாறுவர், வாடகை மாறாது வரும்.

விருதுநகரில் நாடார் உறவின்முறையார் வணிகப் பொருள்மீது மகிமை எனும் பொதுப்பணம் திரட்டி, 1885இலேயே சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். இராசபாளையத்தில் பூ. ச. குமாரசாமிராஜா, சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் விளங்கிய பெருமகனார், தம் இல்லத்தையே காந்தி கலைமன்றத்துக்கு ஈந்தார். நம்மைச் சுற்றிலும் வழிகாட்டிகள் உளர்.

இனி நம் செய்திக்கு வருவோம். வாடகை முழுதும் திருமண மண்டபத்துக்கே ஆகுக என்பார் சிலர். மண்டபம் வேண்டற்பாலதே, மறுக்கின்றிலோம். பத்துக் கடைகள் எழுமாயின், ஒரு கடையின் வாடகையேனும் படிப்பகத்துக்கென ஒதுக்குக என்பதே எமது வேண்டுகோள். கைப்பேசியில் உலகமே அடங்கியிருக்கப் படிப்பகம் எற்றுக்கு என்று வினவுவர். ஓரறை வீட்டில், தொலைக்காட்சி ஓசைக்கும் தம்பி தங்கையர் கூச்சலுக்கும் நடுவே, தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் நம் பெண்மக்களைக் கேளுங்கள். அவர்கள் வேண்டுவது ஒரு மேசை, ஒரு விளக்கு, மூன்று மணி நேர அமைதி. இவற்றைக் கைப்பேசி தாராது.

உடைமை மட்டும் போதாது. அதனைக் காக்கும் ஒழுங்கும் வேண்டும். பொதுக்கட்டடம் கெடுவது மழையால் அன்று, முகதாட்சணியத்தால். உறவினர்க்குக் குறைந்த வாடகை, வேண்டியவர்க்கு நிலுவைப் பொறுப்பு என்று இரண்டு வழக்கங்கள் புகுந்தால், கடை இருக்கும், அறம் இராது. ஆதலின் மூன்று விதிகளைப் பரிந்துரைக்கின்றோம். கடைகளை வெளிப்படையாக ஏலமிட்டே விடுதல் வேண்டும். படிப்பகத்தின் பங்கைச் சங்க விதிகளில் எழுதி, பின்வரும் நிர்வாகிகள் எளிதில் மாற்றவொண்ணாதபடி செய்தல் வேண்டும். வரவு செலவை ஆண்டுதோறும் இவ்விதழிலேயே அச்சிடுதல் வேண்டும்.

இன்னும் ஒன்று. பென்னிங்டன் நூலகத்தில் நூல் வேண்டி வருவாரை இன்ன குலத்தார் என்று எவரும் வினவுவதில்லை. நம் பொருளால் எழும் படிப்பகத்தின் கதவும் ஊரார் அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். சங்கத்துக்கு அதனினும் பெரும்புகழ் வேறில்லை.

கட்டட வரைபடம் அடுத்த திங்கள் பொதுக்குழுவுக்கு வருகின்றது. அதில் படிப்பகத்துக்கு ஓர் அறை குறிக்கப்பெற்றிருத்தல் வேண்டும். குறிக்கப்பெறவில்லையாயின், ஒப்பமிடுமுன் கேளுங்கள் என்று வேண்டி அமைகின்றோம்.