பெற்றவளின் துயர் பேயன்று, பிணி!

(செங்கலடியில் கமக்காரரும் ஆசிரியரும் தாய்மாரும் கூடிய கூட்டத்தில் டாக்டர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



பிள்ளை பிறந்த வீட்டில் எல்லோரும் பிள்ளையைப் பார்க்கின்றோம். பெற்றவளைப் பார்ப்பவர் எத்தனை பேர்? இக்கேள்வியைக் கேட்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

பிள்ளை பெற்ற நான்காம், ஐந்தாம் நாளில் தாய் காரணமின்றிக் கண்கலங்குவதுண்டு. தாய்மாருட் பெரும்பாலோர்க்கு இது வரும். இரண்டு கிழமைக்குள் தானே தீரும். அதன் பின்னரும் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, பிள்ளையிடத்துப் பற்றின்மை, 'நான் எதற்கும் உதவாதவள்' என்னும் எண்ணம் ஆகியன நீடிக்குமாயின் அது நோய். வளர்முக நாடுகளில் பிள்ளை பெற்ற தாய்மாருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் உளநோய்க்கு ஆளாகின்றனர் என்றும், அதிற் பெரும்பங்கு மனச்சோர்வே என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

நாமோ 'சோம்பேறி' என்கின்றோம், 'பேய்க்குணம்' என்கின்றோம், 'உலகத்தில் இவள் மட்டுமா பிள்ளை பெற்றாள்?' என்று ஏசுகின்றோம்.

விஞ்ஞானம் கூறுவது யாது? கர்ப்ப காலத்தில் ஈஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன்களை நஞ்சுக்கொடி பேரளவிற் சுரக்கின்றது. அது கழிந்ததும் அவை சில நாள்களுள் வீழ்ந்துவிடுகின்றன. புரொஜெஸ்தரோனிலிருந்து உண்டாகி மூளையின் பதற்றத்தைத் தணிக்கும் அலோபிரெக்னனலோன் என்னும் பொருளும் உடன் வீழ்கின்றது. உறுகாமக் குளத்து மதகைத் திடீரெனப் பூட்டினால் பள்ளவயல் தாங்கும், மேட்டுவயல் வாடும். தாய்மாரின் மூளையும் அத்தகையதே.

இதற்குச் சான்றுண்டு. 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கர்ப்பிணியல்லாத பெண்கள் பதினாறு பேருக்கு இவ்வோமோன்களைக் கூட்டிக் கொடுத்துப் பின்னர் நிறுத்தினர். முன்னர் இந்நோய் கண்டிருந்த எண்மருள் ஐவருக்கு மனச்சோர்வின் குறிகள் தோன்றின. நோய் கண்டிராத எண்மருள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே அழுகின்ற பிள்ளையுமில்லை, ஏசுகின்ற மாமியுமில்லை. ஓமோன் ஏறி இறங்கியதே காரணம். அப்பெண்களைச் சோம்பேறிகள் என்போமா?

எனினும், இரசாயனம் மாத்திரமே காரணமென நான் கூறவில்லை. கடன், கணவனின் குடி, அடி, உறக்கமின்மை, போரிலும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியிலும் உறவிழந்த துயரம் ஆகிய அனைத்தும் அந்த மேட்டுவயலை மேலும் வாட்டுவன.

நான் கண்ட தாயொருத்தியின் கணவன் வயல்வாடியிற் காவலிருந்தான். அவள் தலைவாருவதையும் மறந்து சுவரைப் பார்த்திருந்தாள். மும்முறை நூல் கட்டினர். நான்காம் மாதத்திலேதான் வைத்தியசாலைக்கு அழைத்து வந்தனர். சிகிச்சை பெற்றாள், வெள்ளாமை வெட்டுமுன் பிள்ளையைக் கொஞ்சிச் சிரித்தாள். வீணே கழிந்த மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பார்?

மகளுக்கு வீடு கொடுத்து, தாய் அருகிலிருந்து பத்தியக்கறி ஆக்கிக் கொடுக்கும் மரபு நம்முடையது. அது பெருஞ்செல்வம். ஆனால் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்ததும் நம் கவனமும் கழிந்துவிடுகின்றது. நோயோ முதலாண்டில் எப்போதும் தலைகாட்டலாம்.

1987இல் எடின்பரோவில் வகுக்கப்பட்ட பத்துக் கேள்விகள் இந்நோயை இனங்காண உதவுகின்றன; அவை தமிழிலும் உள்ளன. ஐயம் தோன்றின் உங்கள் மருத்துவமாதுவிடம் கூறுங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளநல மருத்துவப் பிரிவு உண்டு. 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசி எண்ணும் உண்டு. ஆறுதலான பேச்சாலும் மருந்தாலும் இந்நோய் தீரும். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்தை டாக்டர் தெரிந்து தருவார். 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுரனலோன் என்னும் புதுமருந்து பதினான்கு நாள் உட்கொள்வது. அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மறவாதீர்கள். தாய் இல்லாத குரலைக் கேட்டாலும், தன்னையோ பிள்ளையையோ மாய்க்க எண்ணினாலும், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அது விடியும்வரை பொறுக்கும் நோயன்று.

கமக்காரப் பெருமக்களே! நெற்பயிரின் இலை சற்றே மஞ்சளித்தாலும் வரம்பில் நின்று கண்டுபிடிக்கின்றீர்கள். பயிரை யாரும் ஏசுவதில்லை. பசளையும் நீரும் தேடுகின்றீர்கள். அந்தக் கண்ணோடு இன்றிரவு உங்கள் வீட்டுப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள். "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். விடை வரும்வரை அருகிலிருங்கள்.